தீபாவளி லேகியமும் தைப்பூசப் பானகமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் இரண்டு சத்தம் ஓயாது. ஒன்று மழை, இன்னொன்று ஏப்பம். தீபாவளியில் ஆரம்பித்துக் கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று போய்த் தைப்பூசத்தில்தான் மூச்சு விடுவோம். ஜாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுப் பலகாரமும் எல்லா வீட்டுக்கும் போகிற ஊர் இது. அதிரசம் இங்கிருந்து போகும், கேக் அங்கிருந்து வரும், ரம்ஜான் வந்தால் பிரியாணி வரும். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பென்ஷன்காரர்கள். அதில் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், நம்ம அப்பா தாத்தா காலத்துல யாராவது நெஞ்செரிச்சல்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நம்ம செட்டுல எல்லார் சட்டைப் பையிலயும் ஒரு மாத்திரை அட்டை இருக்கே, இது எங்கேருந்து வந்தது?" நல்ல கேள்வி. நான் தபால் இலாகாவில் இருந்தவன், டாக்டர் இல்லை. ஆனால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கொடை என்று மலையிலேயே முக்கால்வாசி சர்வீஸ் முடித்தவன். யார் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், என்ன மருந்து குடித்தார்கள் என்பது தெரியும். புத்தகம் படிக்கிற பழக்கமும் உண்டு. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொடைக்கானல் என்ற ஊரே வயிற்றை உத்தேசித்து உண்டானது என்று சொன்னால் அது பாதி உண்மை. 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் முதல் பத்து வருடத்தில் காலராவுக்கும் சீதபேதிக்கும் காய்ச்சலுக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் வரிசையாகப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், மலைக்காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. அப்புறம்தான் 1821ல் லெப்டினன்ட் வார்டு அளந்துவிட்டுப் போயிருந்த பழனி மலையின் உச்சிக்கு வந்தார்கள். 1845ல் இரண்டு பங்களாக்கள் எழும்பின. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இருந்து டோலியிலும் கால்நடையாகவும் ஏறி வந்து, இந்தத் தண்ணீரையும் காற்றையும் மருந்தாக நினைத்துத் தங்கினார்கள். 1875ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்து, பிறகு மேஜர் லா போட்ட காட் ரோட்டில் மோட்டாரும் ஏறிய பிறகுதான் சமவெளிக்காரர்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். அவர்களோடு சமவெளிச் சாப்பாடும் ஏறி வந்தது.

அதற்கு முன்னால் இங்கே என்ன சாப்பிட்டார்கள்? பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி மாதிரி மேல்மலை ஊர்களில் கேழ்வரகு, சாமை, தினை, கொஞ்சம் கோதுமை. பூண்டு விளைந்தாலும் பெரும்பகுதி பொதியாகக் கீழே இறங்கிவிடும். நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்கு. இட்லி தோசை என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். இது என் கற்பனை இல்லை, அறுபது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதே வருஷத்தில் மூன்று நான்கு நாள். பதினொன்றரை மாதம் களியும் கூழும் கீரையும் தின்ற வயிற்றில், திடீரென்று ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு அதிரசம், முறுக்கு, சுழியம், வடை, அப்புறம் கறிக்குழம்பு என்று இறங்கினால் என்ன ஆகும்? மந்தம் பிடிக்கும். வயிறு கல்லு மாதிரி கிடக்கும், பசி எடுக்காது.

அந்த மந்தத்துக்குத்தான் தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா. சில வீட்டில் அதிமதுரமும் சேரும். இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிண்டி, ஆறிய பிறகு தேன். வீட்டுக்கு வீடு அளவு மாறும், சண்டையும் அதைப் பற்றித்தான் நடக்கும். இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். காரத்துக்கு மிளகும் திப்பிலியும் இருக்கின்றன, மிளகாய் கிடையாது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போர்த்துக்கீசியர் கப்பல் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து நம் சமையலுக்கு வந்தவை. லேகியத்தின் செய்முறை மட்டும் மிளகாய் வராத காலத்துச் சமையலறையை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 'முல்லிகட்டானி' என்று சூப் வைத்துக் குடித்ததும் நம் மிளகுத் தண்ணீரைத்தான்.

லேகியத்தின் அளவு சின்ன நெல்லிக்காய் அளவு. விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு உருண்டை கொடுத்த பிறகுதான் பலகாரத் தட்டு வரும். கசக்கிறது என்று ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்து வந்து வாயில் அடைப்பார்கள். மருந்து முதலில், விருந்து பிறகு.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தீபாவளி கழிந்து அமாவாசையும் போனால், பிரதமையில் கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். பழனியாண்டவர் மலை இது, வீட்டுக்கு ஒருவராவது சஷ்டி இருப்பார்கள். ஒருவேளைச் சாப்பாடு, பால் பழம், சிலர் வெறும் மிளகும் தண்ணீரும். ஆறாம் நாள் சூரசம்ஹாரம். ஒரு நாள் விருந்து, ஆறு நாள் விரதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி பட்டினி, மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். எண்ணெயும் காரமும் புளியும் அதிகம் இல்லாத இலை அது. யார் யோசித்து வைத்தார்களோ, விருந்துக்கும் பட்டினிக்கும் பஞ்சாங்கத்திலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நாம் விருந்தை மட்டும் வைத்துக்கொண்டு விரதத்தை விட்டுவிட்டோம். விட்டோம் என்றால் ஒரேயடியாகவும் இல்லை. சஷ்டி விரதத்துக்கென்று ஜவ்வரிசி வடை, சேமியா பாயசம் என்று ஒரு தனிப் பலகார வரிசையே கிளம்பியிருக்கிறது.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கம் இருந்து நகரத்தார் காவடி நானூறு வருடத்துக்கு மேலாக நடந்து வருகிறது. வழியில் கிடைப்பது மோரும் பானகமும். பானகம் என்றால் வெல்லம், சுக்கு, ஏலக்காய், தண்ணீர். வெயிலில் நடந்து தளர்ந்தவனுக்கு சர்க்கரையும் நீரும் வேண்டும், குமட்டல் வராமல் இருக்க சுக்கு வேண்டும். சுக்கும் இஞ்சியும் குமட்டலுக்கு நல்லது என்பதை இன்றைய ஆராய்ச்சிகளும் ஒப்புக்கொள்கின்றன. நெஞ்செரிச்சலை அது தீர்க்கும் என்பதற்கு மட்டும் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. பஞ்சாமிர்தத்துக்கு வருவோம். விருப்பாச்சி மலை வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். சொட்டுத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. விருப்பாச்சிப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு, அதனால்தான் பிசைந்தால் கெட்டியாக நிற்கும், நாள்பட இருக்கும். 2019ல் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்கு அதற்கு முன்னால் 2008லேயே கிடைத்துவிட்டது. நடுவில் முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழை அழிந்தே போகும் என்று பயந்த காலம் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு தோட்டங்களில் வாழையைப் பிடுங்கிவிட்டுக் காபியை மட்டும் வைத்துக்கொண்டவர்களை நானே அறிவேன். பிறகு நோயில்லாத கன்றுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கொடுத்து ஓரளவு மீட்டார்கள். விருந்து முடிந்ததும் ஒரு மலைப்பழம் சாப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மலச்சிக்கலுக்கு நல்லது, வயிற்றுக்கும் சாதுவானது. சர்க்கரைக்காரர்கள் பாதிப் பழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பந்தி முடிந்தால் வெற்றிலை. வத்தலக்குண்டு என்ற பெயரே வெற்றிலைக்குண்டுதான் என்பார்கள். அந்தக் கொழுந்து வெற்றிலையைத் தின்றவர்களுக்கு ருசி தெரியும். இதில் ஒரு ரசாயனம் இருக்கிறது. சுண்ணாம்பு காரம், வயிற்றில் ஊறுவது அமிலம். மெல்லும்போது உமிழ்நீரும் ஊறுகிறது, உமிழ்நீரும் கொஞ்சம் காரம்தான். ஆகவே இரைப்பையில் இருந்து மேலே வந்த புளிப்பைக் கழுவி இறக்குகிற வேலை நடக்கும். ஆனால் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் சொல்லிவிட்டது. அதனால் நான் பாக்கை விட்டேன். மெல்லத்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் சோம்போ ஒரு ஏலக்காயோ போதும், உமிழ்நீர் அதற்கும் ஊறும்.

இனி அமிலத்தின் கதை. வார்டு நம் மலையை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மேல்நாட்டில் வயிற்றைப் பற்றிய பெரிய சண்டை தீர்ந்தது. 1824ல் லண்டனில் வில்லியம் பிரௌட் என்ற டாக்டர், இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1822ல், அமெரிக்காவில் மெக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலிக்காரர் வயிற்றில் துப்பாக்கி வெடித்தது. ஆள் பிழைத்துவிட்டார், காயத்தின் ஓட்டை மட்டும் மூடவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் பியூமான்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து வெளியே இழுத்துப் பார்த்து எழுதினார். 1833ல் புத்தகமாக வந்தது. கொழுப்பும் எண்ணெயும் கரைய அதிக நேரம் ஆகிறது, கோபம் வந்தால் ஜீரணம் கெடுகிறது என்பதெல்லாம் அவர் கண்ணால் கண்டது. செயின்ட் மார்ட்டினுக்கு இதில் ஒன்றும் பெரிய லாபம் கிடைத்ததாகத் தெரியவில்லை. பாவம், அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கும்.

நம் சித்த வைத்தியர்கள் வயிற்றெரிச்சல் நோயைக் குன்மம் என்றார்கள், எட்டு வகை பிரித்தார்கள், அதில் எரிகுன்மம் என்றே ஒன்று உண்டு. ஆகவே அந்தக் காலத்தில் இந்த நோயே இல்லை என்பது சரியில்லை. ஆனால் நம் அப்பா காலத்தில் அதிகம் கேட்ட வார்த்தை நெஞ்செரிச்சல் இல்லை, 'அல்சர்'. வயிற்றுப்புண். மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி, கோதுமை தின்னும் வட இந்தியாவை விட அரிசி தின்னும் தென்னிந்தியாவில் சிறுகுடல் புண் அதிகம் என்று கண்டு அதைப் பற்றி நிறைய எழுதினார். என் சின்ன வயதில் மதுரைக்குப் போய் 'வயித்து ஆபரேஷன்' பண்ணிக்கொண்டு வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். வேட்டியை இறக்கித் தழும்பைக் காட்டுவார்கள். மற்றவர்களுக்குப் பால்தான் மருந்து. இரண்டு மணிக்கு ஒருமுறை பால் குடி என்று டாக்டரே சொல்வார். இது 1915ல் சிகாகோவில் டாக்டர் சிப்பி என்பவர் ஆரம்பித்த பத்தியம், உலகம் முழுக்கப் பரவி நம் ஊர் வரை வந்தது. பால் குடித்ததும் எரிச்சல் அடங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் பாலில் இருக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்ச நேரத்தில் அமிலத்தை மேலும் சுரக்க வைக்கும். அதனால் அந்தப் பத்தியத்தை டாக்டர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நம் வீடுகளில் மட்டும் இன்னும் ராத்திரி பத்து மணிக்கு டம்ளர் நிறையப் பால்.

பிறகு எல்லாம் வேகமாக மாறிவிட்டது. 1976ல் பிரிட்டனில் சிமெட்டிடின் மாத்திரை வந்தது, அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988ல் நோபல் வாங்கினார். அதே 1988ல் ஒமிப்ரசோல். 1982ல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வாரனும் மார்ஷலும் வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005ல் இருவருக்கும் நோபல். அல்சர் ஆபரேஷன்கள் ஏறக்குறைய மறைந்தன. தழும்பு காட்டுகிறவர்களை இப்போது பார்க்க முடிவதில்லை.

அந்த இடத்துக்கு வந்ததுதான் இப்போதைய நெஞ்செரிச்சல். இது புண் இல்லை, மேலேறும் அமிலம். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு தசை வளையம் இருக்கிறது, சுருக்குப்பை மாதிரி. அது தளர்ந்தால் கீழே இருப்பது மேலே வரும். மேலே வருகிற அமிலம்தான் குழாயைப் புண்ணாக்குகிறது என்று நியூயார்க்கில் விங்கெல்ஸ்டைன் என்ற டாக்டர் 1935ல் எழுதினார். அந்த வளையம் ஏன் தளர்கிறது? வயிறு நிரம்பி வீங்கினால் தளரும். கொழுப்புச் சாப்பாடு, சாக்லேட், புதினா, மது, புகை, சிலருக்குக் காபி, எல்லாம் தளர்த்தும். தொப்பை கீழிருந்து அழுத்தும். சாப்பிட்டவுடன் படுத்தால் புவியீர்ப்பு உதவியும் போய்விடும்.

இப்போது நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. நம் தாத்தாக்களுக்குத் தொப்பை கிடையாது. அடிவாரத்துக்கும் மலைக்கும் சுமை தூக்கினவர்கள். கரண்டு வராத காலத்தில் விளக்கெண்ணெயை மிச்சம் பிடிக்க இருட்டும் முன்னால் ராச்சாப்பாடு முடிந்துவிடும். பாயை விரிப்பதற்குள் மூன்று மணி நேரம் ஊர்க்கதை நடக்கும். நாம் சீரியல் எல்லாம் முடிந்து ஒன்பதரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, மார்கழிக் குளிருக்குப் பயந்து பத்து மணிக்குக் கம்பளிக்குள் புகுந்துவிடுகிறோம். இந்த உயரத்தில், ஏழாயிரம் அடியில், குளிர் ஒரு சாக்கு. கறியும் எண்ணெயும் சூடு தரும் என்று சொல்லிக்கொள்வோம்.

லேகியம் மந்தத்துக்கு ஏற்பட்ட மருந்து. நமக்கு வந்திருப்பது வேறு நோய். காரமான மிளகும் திப்பிலியும் புண்ணாகிப்போன குழாயில் இறங்கும்போது சிலருக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும். மலைப்பூண்டுப் பாலும் அப்படியே, வாயுவுக்குக் கேட்கும் என்று குடித்துவிட்டு ராத்திரி முழுக்க எரிச்சலில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. லேகியத்தை நான் குறை சொல்லவில்லை. தீபாவளிக்கு ஒரு உருண்டை சாப்பிடாவிட்டால் தீபாவளியே இல்லை எனக்கு. அதை டப்பா டப்பாவாக வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க நெஞ்செரிச்சலுக்குத் தின்பதுதான் பொருந்தாதது. அதில் வெல்லம் இருப்பதைச் சர்க்கரைக்காரர்கள் மறக்கக் கூடாது. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். 1960களில் அதிமதுரத்தில் இருந்தே கார்பனாக்ஸலோன் என்று வயிற்றுப்புண் மாத்திரை செய்தார்கள். அதற்கும் இதே தொல்லை இருந்தது.

சோடா விஷயமும் அப்படித்தான். ஹிராம் காட் என்ற வெள்ளைக்காரர் 1870களில் கண்டுபிடித்த கோலி பாட்டில், அவர் ஊரில் எப்போதோ மறைந்துவிட்டது, நம் ஊரில் சினிமாப் படம் எடுக்கிற அளவுக்கு வாழ்ந்தது. 1916ல் விருதுநகரில் காளிமார்க் ஆரம்பித்த பிறகு கல்யாணப் பந்தி என்றால் சோடா, கலர் இல்லாமல் முடியாது. சோடா குடித்தால் பெரிய ஏப்பம் வரும், வயிறு இறங்கிய மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேறு. வாயு வயிற்றை ஊதும், ஏப்பத்துக்காக வளையம் திறக்கும், திறந்த வழியில் அமிலமும் ஏறும். பொங்குகிற உப்புப் பொடிகளில் சமையல் சோடாதான் முக்கியம். அமிலத்தை அப்போதைக்கு அடக்கும், ஆனால் அதில் சோடியம் அதிகம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் கலக்கிக் குடிக்கக் கூடாது.

இதில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான். எங்கள் தெருவில் ஒரு நண்பர், பெயர் வேண்டாம், சில வருடம் முன்பு தீபாவளி ராத்திரி நெஞ்சு கரிக்கிறது என்றார். காலையில் இருந்து பலகாரம், மத்தியானம் கறி, எல்லோருக்கும் இருப்பதுதானே. சோடா குடித்தார், லேகியம் ஒரு உருண்டை, ஓமத் தண்ணீர், அப்புறம் பேரன் வாங்கி வந்த ஜெல் மருந்து. நடுவில் வியர்த்தது. மலையில் ஐப்பசி ராத்திரியில் வியர்வை வருகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. நாலு மணி நேரம் அப்படியே போனது. விடியற்காலை மூச்சு வாங்கிய பிறகுதான் வண்டி பிடித்தார்கள். வந்தது மாரடைப்பு. காட் ரோட்டில் வத்தலக்குண்டு இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் பிழைத்துவிட்டார். இருதயத்தின் பலம் பாதிதான் மிச்சம். முன்பு ஏரியை ஐம்பது நிமிடத்தில் சுற்றுகிறவர், இப்போது போட் கிளப்பில் இருந்து கொஞ்ச தூரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் சம்சாரம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நெஞ்செரிச்சல்னுதானே நினைச்சோம், வேற எப்படி நினைக்கிறது?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே சொல்கிறேன். நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ வந்து கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் இருந்தால் சோடாப் பாட்டிலைத் தொடாதீர்கள், வண்டிக்குச் சொல்லுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் அசதியும் குமட்டலுமாகவும் வரும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் வந்து, நின்றால் அடங்குகிற 'கேஸ்' பெரும்பாலும் கேஸ் இல்லை. கீழே இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் ஊரில் இருக்கிற நமக்கு, கேஸா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம். விழுங்கச் சிரமம், மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை என்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பி பார்ப்பதுதான் முறை.

சாதாரண நெஞ்செரிச்சலுக்கு, மாத்திரை இல்லாமல் செய்யக்கூடியவற்றில் நல்ல சான்று உள்ளவை சிலவே. எடையைக் குறைப்பது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடிப்பது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு முதல் எட்டு அங்குலம் உயரத்துக்குக் கட்டை வைப்பது. தலையணையை அடுக்கினால் பலிக்காது, கழுத்து வலிக்கும், வயிறு மடிந்து இன்னும் அழுத்தும். நான்காவது, இடது பக்கம் சாய்ந்து படுப்பது. இரைப்பை இடப்பக்கம் தொங்குகிற பை, இடது பக்கம் படுத்தால் அமிலம் வாசலுக்குக் கீழே தேங்கி நிற்கும். இது இப்போதைய ஆராய்ச்சியில் கருவி வைத்து அளந்து சொன்னது. நம் தேரையர் தன் நோயணுகா விதியில் இடது கைப்பக்கம் படுக்கச் சொல்லியிருப்பதையும் நினைத்துப் பாருங்கள். பகலில் தூங்காதே, முதல் நாள் சமைத்ததைத் தொடாதே என்பதும் அதே பாட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் வந்த பிறகு இந்த இரண்டாவது விதியைப் பண்டிகை வாரத்தில் கடைப்பிடிக்கிற வீடு ஒன்றைக் காட்டுங்கள். வள்ளுவரும் மருந்து என்று ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, முன் சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடுவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்.

காலையில் காபிக்கு முன்னால் ஒரு மாத்திரை போடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்த வேண்டாம். சிலருக்கு அது அவசியம், குறிப்பாக வலி மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர்களுக்கு. ஆனால் ஆறு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை ஆறு வருடமாக மெடிக்கலில் நீங்களே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இது இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். நீண்டகாலம் சாப்பிட்டால் பி12 குறைவதும் எலும்பு பலவீனமாவதும் நம் வயதில் கவனிக்க வேண்டியவை. திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் முன்பை விட அதிகமாகத் திரும்பும், அதையும் டாக்டர் சொல்லும் விதத்தில்தான் குறைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது பண்டிகை நாளில் பெரிய சாப்பாடு மத்தியானம்தான். ராத்திரி ஏழு மணிக்கு மோர் சாதமும் மணத்தக்காளி வற்றலும், அல்லது இரண்டு இட்லி. பலகாரம் உண்டு, தட்டில் இல்லை, ஒரு கிண்ணத்தில். அதிரசம் முழுதாக ஒன்று, சிபாரிசுக்கு அரை. லேகியம் இந்த வருடமும் கிண்டியாகிவிட்டது. கண்டதிப்பிலி மூஞ்சிக்கல் கடைகளில் கிடைக்கவில்லை, வத்தலக்குண்டு நாட்டு மருந்துக் கடையில் இருந்து பஸ் கண்டக்டர் தம்பி வாங்கிக் கொடுத்தார். என் அம்மா செய்கிற பதத்துக்கு மருமகள் கொண்டுவந்துவிட்டாள். வெல்லம் மட்டும் ஒரு பிடி குறைவு, அது என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் செய்த வேலை.